ஏழாம் லயம், நாலாம் காம்பரா

வாச்சர் சேனாரத்ன கையெழுத்துக் கேட்டு வந்தபோது
என் கையெல்லாம் கோதுமை மா.
"கோவிக்க வேணாம் அக்கா" என்றான்,
பாதி தமிழில், மீதி சிங்களத்தில்.
கடிதமோ இங்கிலீசில்.
முப்பது என்ற இலக்கம் மட்டும் எனக்குப் புரிந்தது.

ரொட்டியைச் சுட்டு முடித்த பிறகுதான் பிரித்தேன்.

டியூஷன் கொடுக்கும் ஜெனோவா வாசித்தாள்:
செக்ரோலில் பேர் இல்லாதவர்கள்
முப்பது நாளில் வீட்டை ஒப்படைக்க வேண்டும்.
பேரை வெட்டினது யாருன்னு போட்டிருக்கா?
இல்லக்கா.
அட்டை கடிச்ச கால் சீழ் பிடிச்சு
பிரட்டுக்குப் போகாத பதினோரு நாள்?
அதுவும் இல்ல.

தலைவர் டிவி சத்தத்தைக் குறைக்காமல்
"பேசுறேன்" என்றார்.
பேசுவார்தான். பேசிப் பேசியே
மூன்று எலக்சன் போயிருக்கிறது.
தொரை லீவில்.
ஆபீஸ் கிளாக்கர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
கம்பெனி ஓடர் என்றார்.
கொழும்பில் ஹோட்டல் அடுப்படியில் நிற்கும் என் வீட்டுக்காரர்
"சாமானக் கட்டிக்கிட்டு இங்க வந்திரு" என்றார் போனில்.
வாடகை எவ்வளவு என்றேன்.
லைன் கட்டானது போலச் சத்தமில்லை.

பிறகு யாரோ சொல்லி
விடியக்காலை பஸ்ஸில் ஹட்டன்.
பேக்கரிக்கு மேல்மாடி, சட்ட உதவி என்று போர்ட்.
எனக்கு முன்னால் ஒன்பது பேர்,
ஒன்பது பேர் மடியிலும் பொலித்தீன் பை.

நிலோஜினி மிஸ்ஸுக்கு என் மூத்தவள் வயசுதான் இருக்கும்.
"எத்தனை வருசம் இருக்கிறீங்க?"
பிறந்தது மூன்றாம் காம்பராவில்,
கலியாணம் கட்டிப் போனது நாலாம் காம்பராவுக்கு,
நடுவில் ஒரே சுவர் என்றேன்.
சிரித்துவிட்டு ஆதாரம் கேட்டாள்.
கரண்ட் பில்? தோட்டத்துப் பேரில்.
தண்ணி பில்? பீலித் தண்ணிக்கு யார் பில் போடுவார்.
அடையாள அட்டையில் தோட்டத்தின் பேர்தான்,
ஆயிரத்து இருநூறு பேருக்கும் ஒரே விலாசம்.
வந்த கடிதம் ஏதும்?
கடிதம் ஆபீசுக்கு வரும், அங்கேயே கிடக்கும்;
மகனின் இன்டர்வியூ கடிதம்
தேத்தண்ணிக் கறையோடு கைக்கு வந்தபோது
இன்டர்வியூ முடிந்து பன்னிரண்டு நாள்.

அவள் நோட்டீசைத் திரும்ப எடுத்தாள்.
விரலால் தொட்டு மெதுவாக வாசித்தாள்:
திருமதி கோமளாதேவி பரமானந்தம்,
ஏழாம் லயம், நாலாம் காம்பரா,
மேற்பிரிவு, கல்லுப்பாலம் தோட்டம்.
"நீங்க அங்க இருக்கிறீங்கள் எண்டு
அவையளே எழுதி, சீல் குத்தி,
வீட்டுக்குக் கொண்டுவந்து தந்திருக்கினம்.
பத்திரமா வையுங்கோ."

நாற்பத்தாறு வயசில்
என் வாசல் தேடி வந்த முதல் கடிதம் அது.

எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.
சாவியை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.
வழக்குப் போட்டால் போடட்டும்,
திகதி வந்ததும் எனக்கு அடியுங்கோ என்று
நம்பரை எழுதித் தந்தாள்.
வெல்லுவோம் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.
அதனால்தான் நம்பினேன்.

பதில் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்:
காற்றில் கூரை பறந்த வருசம்
தோட்டை அடகு வைத்துப் போட்ட தகரம் பதினாலு.
தகரத்தை டைப் அடித்தாள்.
தோடு சட்டத்துக்கு வேண்டாமாம்.

போஸ்ட் ஆபீசில் பதிவுத் தபால்.
"அனுப்புறவங்க விலாசம்?
தோட்டத்துப் பேர் மட்டும் போட்டாப் போதும்."
இல்ல தம்பி, முழுசா எழுதுங்க என்று
நானே சொல்லச் சொல்ல எழுதினார்.
லயத்துக்கு ழவா லவா என்று கேட்டார்.

ரெண்டு மணி பஸ் போய்விட்டது.
மழை பிடித்துக்கொண்டது.
ஹாட்வெயார் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி
நாளை எண்ணினேன், இருபத்திரண்டு மிச்சம்.
அடுப்படி மூலையில் சட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன்,
இந்நேரம் நிரம்பி வழியும்.
பஸ் காசை ஒதுக்கிவிட்டு
மீதிக்குக் கூரை ஆணி
கால் கிலோ கேட்டேன்.